மூன்று முறை வந்தும் தீராத மிஸ்ஃபயர்: சர்வீஸ் சென்டர் மீது புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர்

பொருள்: பரிசோதிக்காமல் பாகங்களை மாற்றியது, கட்டணத்தைத் திருப்பித் தரவும், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சோதித்துத் தரவும் கோருதல்.

ஐயா,

என் காரின் என்ஜினில் நான்கு சிலிண்டர்கள். அவற்றில் மூன்றாவது மட்டுமே மிஸ்ஃபயர் ஆனது, அதாவது அதில் மட்டும் பெட்ரோல் சரியாகப் பற்றி எரியவில்லை. இதை முதல் நாளே உங்கள் ஸ்கேனர் சொல்லிவிட்டது. அது காட்டிய பி0303 என்ற பழுதுக் குறியீட்டின் கடைசி எண் எந்தச் சிலிண்டர் என்பதைக் காட்டும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் மூன்று முறை கார் உங்கள் பட்டறைக்கு வந்தும், அந்தச் சிலிண்டரில் மின்பொறி தரும் பிளக் உட்காரும் குழிக்குள் ஒருவரும் விளக்கடித்துப் பார்க்கவில்லை. அதற்காகவே இந்தக் கடிதம்.

முதல் முறை வந்தபோது இருந்த குறைகள்: சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் வரை நடுக்கம், மேட்டில் ஏறும்போது இருமல், ஆக்சிலேட்டரை மிதித்தால் இழுவையில்லை. நான்கு பிளக்குகளையும் மாற்றி, குறியீட்டை அழித்துத் தந்தீர்கள். பத்து நாள் நன்றாக ஓடியது. பதினோராம் நாள் அதே நடுக்கம், அதே பி0303.

இரண்டாம் முறை, பிளக்குகளுக்கு உயர் மின்னழுத்தம் தரும் நான்கு இக்னிஷன் காயில்களையும் மாற்றினீர்கள். செய்த வேலையைக் குறிக்கும் ஜாப் கார்டில் 'காயில் பழுது' என்று இரண்டே சொற்கள். எந்தக் காயில், எப்படிக் கண்டறியப்பட்டது என்ற விவரம் இல்லை. குறியீடு ஒரு சிலிண்டரைச் சுட்டும்போது நான்கையும் ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டேன். "ஒன்று போனால் மற்றவையும் போகும்" என்றார் உங்கள் ஆலோசகர். மூன்று வாரத்தில் போனது அவர் மாற்றிய புதிய காயில்தான்.

அடுத்து நடந்ததை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. என்ஜின் எச்சரிக்கை விளக்கு இம்முறை தொடர்ந்து எரியவில்லை, விட்டுவிட்டு மின்னியது. உடனே தொலைபேசியில் கேட்டேன். "ஓட்டலாம், ஒன்றும் ஆகாது, வசதிப்படும்போது கொண்டு வாருங்கள்" என்று பதில் வந்தது. அதை நம்பி மேலும் மூன்று நாள் ஓட்டினேன். விளக்கு மின்னினால், எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது, அந்த வெப்பத்தில் உள்ளிருக்கும் பீங்கான் தேன்கூடு உருகக்கூடும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். காருடன் தந்த கையேட்டிலும் மின்னும் விளக்குக்குத் தனி எச்சரிக்கை இருக்கிறது. அதை நான் முன்பே படித்திருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் ஆலோசகரும் படித்திருக்க வேண்டும்.

மூன்றாம் முறை, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்தீர்கள். நடுக்கம் நிற்கவில்லை. உடனே, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியையே மாற்ற வேண்டும் என்று எழுதித் தந்தீர்கள். சொன்ன காரணம்: "பிளக் புதிது, காயில் புதிது, மிச்சம் கணினிதான்." புதிய பொருள் கெடாது என்ற நம்பிக்கையைத் தவிர இதில் எந்தச் சோதனையும் இல்லை.

காரை எடுத்துக்கொண்டு வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "காயிலை இடம் மாற்றிப் பார்த்தார்களா?" என்பதுதான். மூன்றாவது காயிலைக் கழற்றி இரண்டாவதில் பொருத்தினார், இரண்டாவதை மூன்றாவதில். குறியீட்டை அழித்துவிட்டுச் சிறிது நேரம் என்ஜினை ஓடவிட்டார். இப்போது வந்தது பி0302, அதாவது இரண்டாவது சிலிண்டர். பழுது காயிலோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது. கணினி குற்றவாளி என்றால் அது மூன்றாவது சிலிண்டரிலேயே நின்றிருக்கும். இந்தச் சோதனைக்குப் புதிய பாகம் எதுவும் தேவைப்படவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆனால் அவர் அதோடு விடவில்லை. புதிய காயில் மூன்று வாரத்தில் ஏன் கெட வேண்டும் என்று யோசித்து, மூன்றாவது பிளக் குழிக்குள் விளக்கடித்தார். அடியில் என்ஜின் ஆயில் தேங்கியிருந்தது. என்ஜினின் மேல்மூடியில் ஆயில் கசியாமல் அடைக்கும் வால்வு கவர் கேஸ்கெட்டோடு வரும் பிளக் குழாய் சீல் இறுகிப்போய், அதன் வழியே ஆயில் கசிந்து இறங்கியிருக்கிறது. காயிலின் ரப்பர் உறை ஆயிலில் ஊறி உப்பிவிட்டது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் பென்சிலால் கோடு போட்டதுபோல் ஒரு கருங்கீற்று. மின்பொறி முனையில் பாயாமல் அந்தக் கீற்றின் வழியே பக்கத்து உலோகத்துக்கு ஓடியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் புதிய பாகம் போட்டதும் கார் சில நாள் ஒழுங்காக ஓடியதற்கும், ஆயில் மறுபடி இறங்கியதும் பழையபடி ஆனதற்கும் காரணம் அதுதான்.

பிளக்கை மாற்றியபோது ஒரு முறை, காயிலை மாற்றியபோது ஒரு முறை, அந்தக் குழியை உங்கள் ஆட்கள் திறந்திருக்கிறார்கள். பிளக் ஸ்பேனர் ஆயிலில் நனைந்து வெளியே வந்திருக்கும். அதைத் துணியில் துடைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனவர் யாரோ, அவர் மீது எனக்கு வருத்தமில்லை. மணிக்கு எத்தனை கார் என்று அவரை எண்ண வைத்தவர்கள் மீதுதான்.

அந்த மெக்கானிக் நான்கு சிலிண்டர்களிலும் கம்ப்ரெஷன், அதாவது உள்ளே அழுத்தம் சரியாக எழுகிறதா என்று அளந்தார். எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவு. பிறகு கேஸ்கெட்டையும் சீல்களையும் மாற்றி, குழியைச் சுத்தம் செய்து, ஒரு பிளக்கும் ஒரு காயிலும் போட்டார். இரண்டு மாதமாகிறது, நடுக்கம் திரும்பவில்லை. பழுது முதலில் தோன்றியபோது என்ஜின் எந்த வேகத்தில், எந்த வெப்பத்தில் ஓடியது என்ற பதிவைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை. ஜாப் கார்டில் குறித்துவைக்காமலே நீங்கள் அதை அழித்திருந்தீர்கள்.

என் கோரிக்கைகளுக்கு வருகிறேன். பிளக்குகளை மாற்றும் காலம் எப்படியும் நெருங்கியிருந்தது. அந்தக் கட்டணத்தை நான் கேட்கவில்லை. நான்கு காயில்களுக்கும் இன்ஜெக்டர் சுத்திகரிப்புக்கும் வாங்கிய தொகையைக் கூலியோடு திருப்பித் தர வேண்டும். கழற்றிய பழைய காயில்களில் மூன்றின் மீது எந்தக் குறியீடும் வந்ததில்லை. அவை எங்கே? என்னிடம் தரவில்லை, தரவா என்று கேட்கவும் இல்லை. அவற்றைத் திருப்பித் தாருங்கள், அல்லது என்ன ஆயின என்று எழுத்தில் சொல்லுங்கள். உங்கள் ஆலோசகர் பேச்சைக் கேட்டு ஓட்டிய மூன்று நாளில் கன்வெர்ட்டருக்குச் சேதம் ஏற்பட்டிருக்கிறதா என்று கட்டணமின்றிச் சோதித்து, அறிக்கையைத் தர வேண்டும். சேதமிருந்தால் அதன் செலவு உங்களுடையது.

மூன்று ஜாப் கார்டுகள், கணினியை மாற்றச் சொல்லி நீங்கள் எழுதித் தந்த தாள், ஆயிலில் ஊறிய காயிலின் புகைப்படங்கள் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். காயிலும் பிளக்கும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் தொழில்நுட்ப மேலாளர் நேரில் வந்து பார்க்கலாம். 15 நாட்களுக்குள் எழுத்துபூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். தொலைபேசிப் பதில் வேண்டாம்; அது எப்படி முடிந்தது என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்