குளிர்த்தி இல்லாத ஆட்டம்

களுவாஞ்சிகுடி,
வைகாசி மாதம்.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்து மூன்று கிழமை ஆகிறது. முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே வெயில் கொளுத்துகிறது; பின்னேரத்தில் வாவிப் பக்கம் போனால்தான் மூச்சு வருகிறது.

நாவல் எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். மூன்று கொப்பி முடிந்து நான்காவதில் நிற்கிறேன், வண்டில் சேற்றில் நிற்பது மாதிரி. அயல் ஊர்கள் இரண்டு, உதைபந்தாட்டக் கழகங்கள் இரண்டு, வருடத்துக்கு ஒரு கிண்ணம். அந்தக் கிண்ணத்தால் ஒரு சந்தியில் இரண்டு தேநீர்க்கடை, ஒரு வாசிகசாலைக்கு இரண்டு திறப்பு. மரண வீட்டு முற்றத்தில்கூட அவர்கள் கதிரை ஒரு பக்கம், இவர்கள் கதிரை மறுபக்கம்.

முதல் கொப்பியில் இதை ஏதோ உலகத்தில் நடக்காத கொடுமை போல எழுதியிருந்தேன். வாசித்துவிட்டு என் மனைவி, "கொம்பு முறித்த ஆட்களுக்கு இது புதினமா?" என்றாள். அதோடு அந்தக் கொப்பி போயிற்று.

சரியாகத்தான் சொன்னாள். கொம்புமுறி ஆட்டத்தில் ஊர் இரண்டு சேரியாகப் பிரியும். என் அப்பா வடசேரி. அம்மா பிறந்த வீடு தென்சேரி. வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவிக் கயிறு கட்டி இரு பக்கமும் இழுக்க, எவருடைய கொம்பு முறிகிறதோ அவர் தோற்றார். பிறகு வென்றவர்கள் பாட்டாலேயே தோற்றவர்களை உரித்தெடுப்பார்கள். அந்த வரிகளில் சிலவற்றை உனக்கு எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மழை பொய்த்தாலும் அம்மை பரவினாலும் கண்ணகி அம்மனின் கோபம் தணிய ஆடியது அது. தேற்றாத்தீவில் பிள்ளையார் இன்றும் கொம்புச்சந்திப் பிள்ளையார்தான். கல்முனை பஸ்ஸில் அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம், இந்த ஆள் எத்தனை வசைப்பாட்டுக் கேட்டிருப்பார் என்று எனக்குச் சிரிப்பு வரும்.

ஊரை இரண்டாகப் பிரிக்கிற ஆட்டத்தை ஊரே கூடித்தான் நடத்தியது. அம்மன் பெயரில் தொடங்கிய பகையை அம்மன் பெயரிலேயே முடித்தார்கள். போன கிழமை அம்மனைக் குளிர்விக்கிற குளிர்த்திச் சடங்குக்குப் போயிருந்தபோது இதையே யோசித்துக்கொண்டு நின்றேன். கிண்ணத்துச் சண்டைக்கு யாரைக் குளிர்விப்பது?

ஆனால் வண்டில் புதைந்திருப்பது இந்த இடத்தில் இல்லை. நம் மட்டக்களப்புப் பகுதியில் குடி, அதாவது குலம், தாய்வழி, வீடு பெண்ணுக்குச் சீதனம், கல்யாணம் முடித்தவன் பெண் வீட்டுக்குப் போகிறான். அப்படியானால் கோல் அடிக்கத் தெரிந்த ஒருவன் பக்கத்து ஊரில் பெண் எடுத்தால், அடுத்த வருடம் எந்தச் சட்டையைப் போடுவான்? வேறு தேசத்து எழுத்தாளனுக்கு இந்தத் தலையிடி இல்லை. என் கதாநாயகன் பெண்சாதியின் சகோதரர்களோடு சேர்ந்து பிறந்த ஊருக்கு எதிராக இறங்குகிறான். கடைசி நிமிடம் வரை கோல் இல்லை. அவனுக்கு ஒரு தண்ட உதை கிடைக்கிறது.

நான் இதைக் கற்பனை செய்யவில்லை என்பது உனக்குத் தெரியும். கோலில் நின்றவனே நீதானே. அன்று இரவு மாமனார் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் அம்மாவைப் பார்க்கப் போனால் தம்பி படலையிலேயே நின்றுகொண்டு, "அங்கே போய் அடிக்கவும் மறந்துபோயிற்றோ?" என்றான். நான் வேண்டுமென்றே விட்டேன் என்று இந்த ஊர். எனக்கு வயது போய்விட்டது என்று அந்த ஊர். அப்போது எனக்கு வயது இருபத்தாறு!

அந்த உதையை ஏழு விதமாக எழுதிக் கிழித்துவிட்டேன். எழுதிய ஏழிலும் நான் நல்லவனாகவே வருகிறேன். அதனால் ஒன்றையும் நம்ப முடியவில்லை.

இனி நீதான் சொல்ல வேண்டும். நான் பந்தைத் தொடுவதற்கு முன்பே நீ இடப்பக்கம் சரிந்துவிட்டாய். அது நன்றாக நினைவிருக்கிறது. சின்ன வயதில் வாவிக்கரையில் நான் எப்போதும் அந்தப் பக்கம்தான் அடிப்பேன் என்ற பழக்கத்தில் பாய்ந்தாயா? அல்லது ஓடி வரும்போது நான் உன் முகத்தைப் பார்த்தேனா?

பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

உன் மச்சான்