"ஆள் கலர் எது, டீச்சர்?"

ஆசிரியருக்கு,

மழைக்குப் பள்ளிக்கூடம் மூடும் நாட்களில் சின்னப் பிள்ளைகளுக்குப் போனில் பாடம் நடத்துவது பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். சிக்னல் இல்லை, டேட்டா இல்லை, மூன்று பிள்ளைக்கு ஒரே போன். எல்லாம் சரிதான். 2020இல் கொரோனாவுக்கு மூடியபோது சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறிய பிள்ளைகள் எங்களிடமும் இருந்தார்கள். ஆனால் சிக்னல் கிடைத்த பிறகு அந்தப் பிள்ளைக்கு நாம் எதை அனுப்புகிறோம்? அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தரம் 4க்கு 'நானும் எனது வீடும்' என்று ஒரு சித்திர வேலை. எங்களுக்கு வந்த செயலட்டையில் மாடி வீடு, புகைபோக்கி, முன்னால் ஒரு கார். பிள்ளை நிறம் தீட்டினால் போதும். எங்கள் பிள்ளைகள் இருப்பது தேயிலைத் தோட்டத்து லயங்களில், ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டிய சின்ன வீடுகளில். அங்கே ஏது கார்? இருபத்திரண்டு பேரும் அழகாகத் தீட்டி அனுப்பினார்கள். அதில் ஒருவருடைய வீடுகூட இல்லை.

அடுத்த முறை அட்டையை ஓரமாக வைத்துவிட்டேன். வீட்டு வாசலைப் படம் பிடித்து, வட்ஸ்அப்பிலேயே இருக்கிற பென்சிலால் அதன்மேல் உங்களை வரைந்து அனுப்புங்கள் என்று ஒரு குரல் பதிவு போட்டேன். தனிச் செயலி வேண்டாம், டேட்டாவும் அதிகம் போகாது. கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கு கொடியில் காய்வது, அம்மாவின் கொழுந்துக் கூடை, சுவரில் பெயின்டால் எழுதிய லயத்து இலக்கம் எல்லாம் வந்தன. ஒரு பையன் கூடைக்குள் இரண்டு கண் மட்டும் போட்டிருந்தான். கேட்டால், "ஒளிஞ்சிருக்கேன் டீச்சர்."

அப்புறம் ஒரு சிறுமி. அண்ணன் போனில் ஐபிஸ் பெயின்ட் என்ற படம் வரையும் செயலி இருந்ததால் அதில் வரைந்தாள். பாதியில் அழைத்து, "ஆள் கலர் எது, டீச்சர்?" என்றாள். நிறப்பெட்டியில் வெளிறிய ரோசாவில் ஒரு துண்டு இருக்குமே, அதைத்தான் ஆள் கலர் என்று சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறோம். நானும்தான். உன் கையைப் படம் பிடித்து அந்தச் செயலியில் போடு, படத்தில் விரலை வைத்தால் நிறத்தை அதுவே எடுத்துக் கொடுக்கும் என்றேன். தன் கை, அப்பாயியின் கை, தேயிலை மலையில் வேலை முடிந்து வந்த அம்மாவின் கை என்று மூன்றையும் எடுத்தாள். அம்மாவின் விரல் நுனியில் கொழுந்துக் கறை. தொடும் இடத்துக்கு ஒரு நிறம் வருகிறதே என்று குழம்பி, கடைசியில் பத்து விரலுக்கும் தனித்தனியாக நிறம் போட்டு அனுப்பினாள்.

எல்லாமே நன்றாக முடியவில்லை. வீட்டிலுள்ள பழைய பொருள் ஒன்றை வரையச் சொன்னபோது ஒருவன் தாத்தாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழைப் படம் பிடித்து, சுற்றிலும் தேயிலைச் செடி வரைந்து, பெற்றோர் குழுவிலேயே போட்டுவிட்டான். பெயர், இலக்கம் எல்லாம் தெரிந்தது. உடனே அழிக்கச் சொன்னேன். அன்றிலிருந்து படங்கள் எனக்குத் தனியாகத்தான் வருகின்றன. முன்பே யோசிக்காதது என் தவறு.

அந்தப் பையனே பிறகு, "தாத்தா இங்கதானே பிறந்தாரு, எதுக்கு இந்தக் கடுதாசி?" என்றும் கேட்டான். 1948இல் இலங்கையில் வந்த ஒரு சட்டம், தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த நம் ஆட்களுக்குப் பிரஜாவுரிமை இல்லாமல் செய்தது, 2003இல் வந்த சட்டம்வரை அந்தப் பிரச்சினை இழுபட்டது என்று ஒரு நிமிடக் குரல் பதிவில் சொன்னேன். ஒன்பது வயதுக்கு அவ்வளவு போதும். மிச்சத்தைத் தாத்தாவிடம் கேள் என்றேன்.

செயலட்டை தயாரிப்பவர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். வீட்டை நீங்கள் வரைந்து அனுப்பாதீர்கள், அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். சிறுவர் பக்கத்துக்குத் தாளில் வரைந்து தபாலில் அனுப்பும் படங்களை மட்டுமே ஏற்கிறீர்கள். இங்கே லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி இல்லை. கடிதங்கள் தோட்டத்து ஒபிசுக்கு வந்து அங்கேயே கிடக்கும். நீங்கள் பரிசு அனுப்பினாலும் பிள்ளை கைக்கு எப்போது வருமோ. போனில் வரைந்த படங்களை வட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்ள ஓர் இலக்கம் போடுங்கள். பத்து விரல் படத்தை, பெற்றோரிடம் கேட்டுவிட்டு, முதல் ஆளாக நானே அனுப்புகிறேன்.

ஆரம்பப் பிரிவு ஆசிரியை,
மஸ்கெலியா.