லைட்டை அணைத்துவிட்டால் பழுது போய்விடுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவன் நான். புது கார் வந்தால் பிக்கப் எப்படி, மைலேஜ் எவ்வளவு, உள்ளே இருக்கும் திரை எத்தனை அங்குலம் என்றெல்லாம் விவரமாகப் போடுகிறீர்கள், நல்ல விஷயம்தான். ஆனால் ஏழெட்டு வருடம் ஓடிய காரை வைத்துக்கொண்டு இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். அந்தக் கார் ஒருநாள் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கைப் போட்டுவிட்டு உதற ஆரம்பித்தால் என்ன செய்வது, யாரிடம் என்ன கேட்பது என்று யாரும் எழுதுவதில்லை. எனக்கு நடந்ததை எழுதுகிறேன், வேறு யாருக்காவது உதவட்டும்.

மேம்பாலம் ஏறும்போது வண்டி இரண்டு மூன்று முறை வெட்டி இழுத்தது. அதே நேரத்தில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு சில நொடிகள் மின்னிவிட்டு, அப்புறம் நிலையாக எரிய ஆரம்பித்தது. ஒர்க் ஷாப்புக்குக் கொண்டு போனேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகி, "சும்மா எரர் சார், அழிச்சாச்சு" என்று இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். நாலு நாளில் விளக்கு திரும்ப வந்தது. திரும்பவும் அழித்தார்கள். மூன்றாவது முறை போனபோது சைலன்சர் குழாயில் இருந்துகொண்டு புகையில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிட்டு பில் கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் சிக்னலில் நிற்கும்போது வண்டி லேசாக நடுங்கிக்கொண்டுதான் இருந்தது, மைலேஜும் குறைந்தது. வண்டிக்கு வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து இரண்டு மாதம் ஓட்டிவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

கடைசியில் வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஸ்கேனரைத் தொடுவதற்கு முன்பே கேள்வி கேட்டார். காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, சூடான பிறகா? ஏற்றத்திலா, சமதளத்திலா? ஏசி போட்டால் கூடுகிறதா? அதற்குப் பிறகுதான் ஸ்கேனரைச் செருகி, கார் பதிந்துவைத்திருந்த கோளாறுக் குறியீட்டை, அதாவது 'கோடு' எண்ணைப் படித்தார். பி0303 என்று வந்தது, அதாவது மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங், பெட்ரோல் சரியாகப் பற்றி எரியவில்லை. அவர் உடனே எதையும் மாற்றவில்லை. மூன்றாவது சிலிண்டரில் தீப்பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டினார், இரண்டாவதை மூன்றாவதில் மாட்டினார், கோடை அழித்துவிட்டு என்னையும் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டினார். இப்போது பி0302 வந்தது. "பாத்தீங்களா, காயில் போற இடத்துக்குக் கோளாறும் போகுது" என்றார். புது பாகம் ஒன்றுகூட வாங்காமல், இருக்கிற இரண்டு காயிலை இடம் மாற்றியே குறை எங்கே என்று கண்டுபிடித்துவிட்டார்.

ஆனால் அதற்குள் இன்னொன்று நடந்துவிட்டது. மிஸ்ஸிங் இருக்கும்போது அந்த சிலிண்டரில் எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போகிறது. அங்கே புகையில் இருக்கும் நச்சு வாயுக்களைக் குறைப்பதற்காக வைத்திருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது, உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும் பகுதி அந்தச் சூட்டில் உருகி அடைத்துக்கொள்கிறது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய பாகம் அது. ஒரு காயிலோடு முடிந்திருக்க வேண்டிய செலவு எங்கே போய் நின்றது என்று சொல்லத் தேவையில்லை.

அந்த விளக்கு நிலையாக எரிந்தால், ஓட்டத்தில் வேறு மாற்றம் எதுவும் தெரியாத பட்சத்தில், நிதானமாக ஓட்டிப்போய் சீக்கிரம் காட்டலாம். மின்னினால் கன்வெர்ட்டர் கெடும் அளவுக்கு மிஸ்ஸிங் இருக்கிறது என்று அர்த்தம், ஆக்சிலேட்டரைக் குறைத்து, ஓரமாக நிறுத்திவிட வேண்டும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்திருந்தால் நான் அன்றைக்கே விழித்திருப்பேன்.

கோடை அழிப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கோளாறு வந்த நொடியில் இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று (ஆர்பிஎம்) ஓடியது, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் எவ்வளவு சூடு, எவ்வளவு பாரம் என்பதையெல்லாம் கார் கோடோடு சேர்த்துப் பதிந்துவைக்கிறது. அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும், அடுத்துப் பார்க்கிறவருக்குத் தடயமே இல்லை. இன்னொன்று, கோடு அடையாளத்தைத்தான் சொல்லுமே தவிர எந்தப் பாகம் கெட்டது என்று சொல்லாது. பி0171 என்றால் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். அது இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயில் விரிசலாக இருக்கலாம், காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்காக இருக்கலாம், பம்ப் பலவீனமாக இருக்கலாம். தகவல் கொடுத்த ஆக்சிஜன் சென்சாரையே பிடித்து மாற்றினால் எப்படி?

ஆயில், சூடு இரண்டுக்கும் வரும் சிவப்பு எச்சரிக்கை வேறு ரகம், அங்கே யோசிக்க நேரமே கிடையாது. ஆயில் கேன் படம் சிவப்பில் எரிந்தால் பேரிங்குக்கு ஆயில் அழுத்தம் போகவில்லை என்று பொருள், வீடு வரைக்கும் போய்விடலாம் என்று நினைத்தால் இன்ஜின் சீஸ் ஆகி, சுற்றாமல் இறுகிவிடும். ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள். டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போனாலும் அப்படித்தான், சிலிண்டர்களுக்கு மேலே மூடியாக இருக்கும் அலுமினிய ஹெட் சூட்டில் வளைந்து, அதற்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் போய், ஹெட்டை இறக்கும் வேலை வந்துவிடும். அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருப்பதால் கூலன்ட் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கிறது, மூடியைத் திறந்ததும் கொதித்துப் பீய்ச்சி முகத்தில் அடிக்கும். கூலன்ட் முழுக்க ஒழுகிப்போயிருந்தால் சென்சார் காற்றில் நின்றுகொண்டு முள்ளைக் கீழேயே காட்டவும் செய்யும், அதனால் முள் இறங்கிவிட்டதே என்று நிம்மதி அடையவும் முடியாது.

புகையும் பேசும். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது, பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம். கருப்பு என்றால் எரிபொருள் அதிகம். குளிரில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் வெள்ளையாக ஆவி வருவது இயல்பு. சூடான பிறகும் அடர்த்தியாக, இனிப்பு வாசனையோடு வந்துகொண்டே இருந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. பிஸ்டனும் வால்வும் ஒத்து ஓடவைக்கும் டைமிங் பெல்ட்டுக்கு மட்டும் பெரும்பாலும் விளக்கும் இல்லை, புகையும் இல்லை, கையேட்டில் போட்ட கிலோமீட்டரிலோ வருடத்திலோ, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றத்தான் வேண்டும். பல இன்ஜின்களில் அது அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடித்து, வால்வு வளைந்துவிடும்.

மெக்கானிக்குகள் மீது எனக்குக் கோபம் இல்லை, நல்லவர் ஒருவர்தான் என் காரைக் காப்பாற்றினார். நாம்தான் கேட்க வேண்டியதைக் கேட்பதில்லை. என்ன சோதனை செய்து இந்தப் பாகம் கெட்டது என்று சொல்கிறீர்கள்? மாற்றிய பழைய பாகத்தைக் கொடுப்பீர்களா? கோடு எண்ணை பில்லில் எழுதித் தருவீர்களா? வேலை தெரிந்தவர் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார். சத்தம் விட்டு விட்டு வருகிறது என்றால் போனில் பதிவு செய்துகொண்டு போங்கள், ஒர்க் ஷாப் வாசலில் போய் நின்றதும் அது வராது.

உங்கள் வாகனப் பக்கத்தில் வாரம் அரைப் பத்தி ஒதுக்கி, அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரை வைத்து இப்படி ஒவ்வொரு விளக்கு, ஒவ்வொரு சத்தம் என்று எழுத வையுங்கள். முதல் வாரம் அந்த மின்னும் மஞ்சள் விளக்கிலேயே ஆரம்பிக்கலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்