கடைசிக் குழாயில் அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராமசபை நடக்கும் நாளில் பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு பிளக்ஸ் கட்டுவார்கள். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, பேவர் பிளாக் பதித்த தெரு இத்தனை, குடிநீர் இணைப்பு இத்தனை என்று அதில் இருக்கும். ஊராட்சியின் கணக்குப் படிவமான படிவம் 30-இல் எழுதிய செலவின் சுருக்கம் அது. கணக்கைச் சபையில் வாசித்து ஒப்புதல் வாங்க வேண்டும், எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கவும் வேண்டும் என்ற ஏற்பாடு வந்ததே பெரிய காரியம். குறை என்னவென்றால், அதில் உள்ள எண்ணெல்லாம் ஊராட்சி முழுமைக்குமான கூட்டுத்தொகை. தாய்க்கிராமத்துக்கு எவ்வளவு, குக்கிராமத்துக்கு எவ்வளவு, ஆதிதிராவிடர் குடியிருப்புக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் கலம் அதில் இருப்பதில்லை. சமத்துவம் என்றால் உறுதிமொழி ஏற்ற புகைப்படம் ஒன்றோடு முடிந்துவிடுகிறது.

தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். 250 வீடுள்ள ஓர் ஊராட்சியில், தொட்டியை ஒட்டிய 200 வீடுகளில் ஆளுக்கு 70 லிட்டரும், கடைசியில் இருக்கும் 50 வீடுகளில் ஆளுக்கு 20 லிட்டரும் கிடைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வீடு ஆள் எண்ணிக்கை ஒன்றுதான் என்றால் சராசரி 60 லிட்டர். இலக்கைத் தாண்டிவிட்டோம் என்று தாராளமாக எழுதலாம், அதில் பொய்யும் இல்லை. அந்த 50 வீட்டுப் பெண்கள் மட்டும் தோட்டத்துப் பம்புசெட்டுக்குக் குடம் தூக்கிக்கொண்டு நடப்பார்கள்.

இதைக் கண்டுபிடிக்கப் பொறியாளர் வர வேண்டியதில்லை. 15 லிட்டர் பிளாஸ்டிக் குடம் ஒன்று, கையில் ஒரு செல்போன், அவ்வளவு போதும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர், அதாவது ஏறக்குறைய 15 குடம் வேண்டும். முதல் தெருவில் ஒரு குடம் ஒரு நிமிடத்தில் நிறைந்தால் கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. கடைசித் தெருவில் அதே குடம் நிறைய 4 நிமிடம் ஆனால் ஒரு மணி நேரம் குழாய் ஓட வேண்டும். வால்வை முக்கால் மணியில் மூடிவிட்டால் 11 குடம்தான் தேறும். ஆளுக்கு 41 லிட்டர். அளக்கும்போது ஒரு சங்கதி கவனம்: கடைசிக் குழாயில் முதலில் காற்றுதான் வரும். தண்ணீர் எட்டிப் பார்த்த நேரத்திலிருந்து கணக்கெடுத்தால் நிலைமை நல்லதாகத் தெரியும். டேங்க் ஆப்பரேட்டர் வால்வைத் திறந்த நிமிடத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். மின்தடை வந்த நாளை விட்டுவிட்டு மூன்று நாள் அளந்தால் எண் நம்பும்படி இருக்கும்.

கடைசித் தெருவுக்கு ஏன் வருவதில்லை என்று பார்த்தால், பெரும்பாலும் எல்லாத் தெருவும் ஒரே வால்வில் தொங்கிக்கொண்டிருக்கும். முதலில் போட்ட குழாய் பெரியது, பின்னால் குடியிருப்பு வந்தபோது அதன் நுனியில் சின்னக் குழாயை ஒட்டி நீட்டியிருப்பார்கள். நடுவில் இரண்டு வீட்டுக்காரர்கள் குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சினால் அப்புறம் அழுத்தம் எங்கே இருக்கும்? கடைசிக் குடியிருப்புக்குத் தனி கேட் வால்வு வைத்து, காலையில் அதை முதலில் திறந்து, திறக்கிற நேரத்தையும் மூடுகிற நேரத்தையும் தொட்டித் தூணில் பெயின்டால் எழுதிவைத்தால் பாதிச் சண்டை தீரும். புதுத் தொட்டி கட்டுவது இதற்குப் பிறகு யோசிக்க வேண்டிய செலவு.

குளோரின் கதையும் இதே கதைதான். குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மீதக் குளோரின் இருக்க வேண்டும். குளோரின் அளவை நிறத்தால் காட்டும் குளோரோஸ்கோப்பைத் தொட்டியடிக் குழாயில் வைத்துப் பார்த்தால் நிறம் எப்போதும் நன்றாகத்தான் வரும். பார்க்க வேண்டிய இடம் கடைசி வீட்டுக் குழாய்.

2025 ஏப்ரலில், "காலனி" என்ற சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்கப்போவதாகச் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். அந்தப் பெயர் போவது நல்லதே. ஆனால் பெயர்ப்பலகையை மாற்ற ஒரு நாள் போதும். அந்தத் தெருவின் வால்வு எத்தனை மணிக்குத் திறக்கிறது என்பதையும் அதே பலகையில் எழுதினால் இன்னும் நல்லது.

பிரித்து எழுதுவது நமக்குப் புதிதும் இல்லை. திருமங்கலத்துக்குப் பக்கத்தில் மேலக்கோட்டையில் 1998-இல் திறந்த முதல் சமத்துவபுரத்தை நினைத்துப் பாருங்கள். 100 வீட்டில் ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10 என்று திட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். யார் வேண்டுமானாலும் எண்ணிச் சரிபார்க்க முடிந்தது. அந்தப் பழக்கம் வருடாந்தரக் கணக்குக்கு மட்டும் வந்து சேரவில்லை.

மத்திய அரசின் ஊராட்சி முன்னேற்றக் குறியீடு 2025 ஏப்ரலில் வெளியானது. வறுமையின்மை, நலவாழ்வு, தண்ணீர், சமூக நீதி, பெண்களுக்கு உகந்த ஊராட்சி என 9 தலைப்புகளில் மதிப்பெண் போட்டு, நூற்றுக்கு இத்தனை என்று தரம் பிரிக்கிறார்கள். சமூக நீதிக்கும் பெண்களுக்கும் தனித்தனித் தலைப்பு வைத்தது பாராட்டத்தக்கது. இருந்தாலும் எந்தத் தலைப்பிலும் மதிப்பெண் ஊராட்சி முழுமைக்கும் சேர்த்துத்தான். தெருவுக்குத் தெரு உள்ள ஏற்றத்தாழ்வு அதற்குள்ளும் கரைந்துபோகும். மதுரை மாநகராட்சிக்கும் இது பொருந்தும். 5 மண்டலம், 100 வார்டு உள்ள நகரத்தில் மாநகரம் முழுவதும் இத்தனை டன் குப்பை அள்ளினோம் என்ற வரி, உங்கள் வார்டுக்கு வண்டி எத்தனை நாள் வரவில்லை என்பதைச் சொல்லாது.

இனி செலவு. ஊராட்சியில் கணக்கு எண் 1 பொதுநிதிக்கு, எண் 2 மின்கட்டணத்துக்கும் குடிநீர்க் கட்டணத்துக்கும், எண் 3 திட்டநிதிக்கு. சபையில் முதல் கணக்கை மட்டும் வேகமாக வாசித்துவிட்டு "ஒப்புதல்தானே?" என்று கேட்டால், மற்ற இரண்டையும் வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். மத்திய அரசின் 15-ஆவது நிதிக்குழு, 2021-26 காலத்து மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போட்டது. மீதி 40 விழுக்காட்டை ஊராட்சியின் தேவைக்கேற்பச் செலவிடலாம், சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் கூடாது என்றது. அந்த 40-இல்தான் சாய்வு எந்தப் பக்கம் என்று தெரியும். மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி, நிதியாண்டு என்று தேர்ந்தெடுத்தால் திட்டமும் செலவும் வரும். வருகிற வேலையின் பெயர் "சாலை மேம்பாட்டுப் பணி" என்று மொட்டையாக இருந்தால் எந்தத் தெரு என்று அதைக் கொண்டு சொல்ல முடியாது. அப்போது எம்-புக் எனும் வேலை அளவுப் புத்தகத்தைத்தான் பார்க்க வேண்டும். எங்கே தொடங்கி எங்கே முடிந்தது, நீளம், அகலம், கனம் எல்லாம் அளவுப் புத்தகத்தில் இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் ஆவணத்தை நேரில் பார்வையிடவும் உரிமை உண்டு. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. மனுவில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஊராட்சி ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். தகவல் வேறிடத்தில் இருந்தால் 5 நாளில் அவரே அங்கு மாற்றி அனுப்ப வேண்டும், 30 நாளில் பதில் வர வேண்டும். "சமத்துவத்துக்கு என்ன செய்தீர்கள்" என்று கேட்டால் பக்கம் பக்கமாகப் பதில் வரும், பயன் இருக்காது. "கடந்த நிதியாண்டில் ஒவ்வொரு குக்கிராமத்திலும் முடித்த வேலையின் பெயர், எம்-புக் பக்கம், தொகை" என்று கேட்டால் எண் மட்டும் வரும்.

கிராமசபையின் குறைவெண் வரம்பும், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பதும், இதே ரகம். 500 பேர் வரை உள்ள ஊருக்கு 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 என்று விதி. வருகைப் பதிவேட்டில் 200 கையெழுத்து இருந்தால் அறிக்கை சுத்தம். எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்று கேட்பார் இல்லை. இடத்தைச் சுழற்சி முறையில் மாற்ற வேண்டும், வழிபாட்டுத் தலத்தில் நடத்தக்கூடாது என்ற அறிவுறுத்தல்கள் இதற்காகத்தான். கோயில் மண்டபத்தில் போட்டால் யார் திண்ணையில் உட்காருவார்கள், யார் வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார்கள் என்பது ஊருக்குத் தெரியும். தண்டோரா போடுவதை 2022-இல் அரசு நிறுத்தச் சொன்னது. ஒலிபெருக்கி கட்டிய வண்டி வந்தது. அந்த வண்டி தார்ச்சாலை முடிகிற இடத்தில் திரும்பிவிட்டால் கடைசிக் குடியிருப்புக்கு அழைப்பே போகவில்லை என்று பொருள். வண்டி போன தெருக்களின் பெயரை அறிவிப்புப் பதிவேட்டில் எழுதச் சொல்லலாம்.

அறிக்கைக்கும் நடப்புக்கும் இருக்கும் தூரத்தை மதுரை மாவட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தலைவர் பதவி ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996-இலிருந்து பத்தாண்டு காலம் ஒன்று மனுத்தாக்கல் நடக்காது, அல்லது ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்வார். தேர்தல் நடந்ததா என்ற கட்டத்தில் "ஆம்" என்று டிக் போடலாம். தலைவர் நாற்காலி காலியாகவே கிடந்தது. மேலவளவில் நாற்காலி காலியாக இல்லை, 1997 ஜூன் 30-இல் தலைவர் முருகேசனும் மேலும் ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2006 அக்டோபரில்தான் பாப்பாபட்டி உள்ளிட்ட அந்த உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்களில் முறையாகத் தேர்தல் நடந்தது. எனவே ஒதுக்கீட்டு இடம் நிரம்பியதா என்பதோடு கேள்வியை நிறுத்தக் கூடாது. ஊராட்சியின் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். துணைத்தலைவர் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்த நாள் எத்தனை? கூட்டத்தை நடத்தியது பெண் தலைவரா, அவர் கணவரா? பெண்களுக்கு 50 விழுக்காடு இடம் கொடுத்த மாநிலத்தில் இவற்றுக்கும் ஒரு கலம் வேண்டும். 2025 ஜனவரி 5-உடன் நம் மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போனபோதும் படிவமும் கிராமசபையும் அப்படியேதான் இருந்தன. தலைவர் இல்லை என்பது பிரித்து எழுதாததற்குச் சாக்காக முடியாது.

மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் டிக் போடும் வியாதி இன்னும் முற்றியது. ஊராட்சி அலுவலகத்தில் சாய்தளம் உண்டா? உண்டு. 45 சென்டிமீட்டர் உயரப் படிக்கு, ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவு விகிதப்படி 5.4 மீட்டர் நீளம் வேண்டும். இடமில்லை என்று 2 மீட்டரில் முடித்துவிட்டால் அதில் சக்கர நாற்காலி ஏறாது, மோட்டார் சைக்கிள் ஏறும். அறிக்கையில் சாய்தளத்தின் நீளத்தை எழுதச் சொன்னாலே போதும்.

கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் நான்கு எண்: கடைசிக் குழாயில் அளந்த லிட்டர், அந்த ஆண்டு அங்கே செலவான ரூபாய், தெருவிளக்கு எரியாத நாள், போன சபைக்கு அங்கிருந்து வந்த பெண்கள். நான்கு குடியிருப்புள்ள ஊராட்சிக்கு மொத்தம் 16 எண். பிளக்ஸில் இடம் இல்லை என்பார்கள். வரவேற்புப் படங்கள் எடுத்துக்கொள்ளும் இடத்தில் பாதி தாராளம்.

இப்படிக்கு,
ஊராட்சி வரவு செலவு வாசிக்கும் வாசகர்கள் சிலர்,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.