செய்கூடம் வேலை நிறைவு: அங்கத்தவர்களுக்கு நிர்வாகசபையின் அறிக்கை

அன்பான அங்கத்தவர்களுக்கு வணக்கம்.

வாசிகசாலையின் பின்னறையைப் பள்ளிப் பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்துப் படிக்கும் விஞ்ஞானச் செய்கூடமாக மாற்றும் வேலை நிறைவடைந்துவிட்டது. கூரையைப் பிரித்து ஓடு மாற்றி, நிலத்துக்குச் சீமெந்து போட்டு, மின்வயர் முழுவதும் புதிதாக இழுத்திருக்கிறோம். முதலில் கூரை வேலையை ஏற்றவர் பாதியில் விட்டுப் போனதால் ஒரு மாரி மழை முழுக்கக் கூரை மரங்கள் நனைந்தன. தாமதத்துக்கு அதுதான் காரணம், பொறுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பனஞ்சிலாகைகளில் வைரமானவற்றைத் தெரிந்தெடுத்துத் தச்சர் வேலைமேசைக்குக் கால் செய்து தந்தார். பற்றுச்சீட்டுகள் பொருளாளரிடம் இருக்கின்றன, எவரும் பார்க்கலாம்.

இந்த எண்ணம் எங்களுக்கு வந்தது 2019 டிசெம்பர் 26 காலையில். சூரியன் வளையமாகத் தெரியும் கங்கண சூரிய கிரகணம் யாழ்ப்பாணத்துக்கு மேலால் போன நாள் அது. முற்றத்து வேம்பின் கீழ் நிலமெல்லாம் சின்னச் சின்ன ஒளி வளையங்கள். இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஊசித்துளைக் கமராவாகிவிட்டது. பிள்ளைகள் விரல்களைக் குறுக்கே கோத்துப் பிடித்து, அந்த இடைவெளியிலும் வளையம் விழுகிறதா என்று பார்த்தார்கள். விழுந்தது. அவர்கள் போட்ட சத்தம் இன்னும் எங்கள் காதில் இருக்கிறது.

பொதுக்கூட்டத்தில் அதிகம் பேசப்பட்டது செய்கூடத்து அலுமாரிக்குப் பூட்டுப் போடுவதா என்பதைப் பற்றித்தான். சாமான் மிஞ்சாது என்று மூத்தவர்கள் கவலைப்பட்டது நியாயம். ஆனாலும் பூட்டுப் போடவில்லை. பள்ளிக்கூடத்தில் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்த நுணுக்குக்காட்டியை வெளியே நின்று பார்த்தே படிப்பை முடித்தவர்கள் எங்களில் பலர். மின்னோட்டத்தைக் குறைக்கும் 220 ஓம் தடையியை விட்டுவிட்டு எல்ஈடி விளக்கை நேரே 5 வோல்ற்றில் கொடுத்து எரித்த ஒரு பிள்ளை, அடுத்த கிழமை மற்றப் பிள்ளைக்குத் தடையி ஏன் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எரிந்தவற்றை ஒரு ஜாம் போத்தலில் போட்டு வைத்திருக்கிறோம். அந்தச் செலவை நாங்கள் நட்டமாக எழுதவில்லை.

சாமான் பெட்டிகளில் எல்லாம் தமிழில்தான் பெயர். மேல்நாட்டு வைத்தியத்தையே அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 19 ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் தமிழில் படிப்பித்தார். தடையி, கொள்ளளவி, மாறுந்தடை என்று மின்னுறுப்புகளின் பெயரை எழுதி ஒட்ட நாங்கள் ஏன் தயங்க வேண்டும்?

முதல் செயற்திட்டம் எங்கள் கிணறு. மாரியில் எவ்வளவு ஏறுகிறது, கோடையில் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க ஒரு மிதவை. வெறும் போத்தலை மிதக்க விட்டபோது, வாளி விழும் ஒவ்வொரு முறையும் அது ஆடி அளவு தாறுமாறாகியது. அப்புறம் பிள்ளைகள் 4 அங்குலப் பீவீசீ குழாயை நிமிர்த்தி இறக்கி, அதற்குள் மிதவையை விட்டார்கள். கயிறு ஒரு கப்பியில் சுற்றி, மறுபக்கம் துலாக்கல் மாதிரி ஒரு சிறு பாரம். கப்பி திரும்ப, அதோடு பொருத்திய மாறுந்தடையும் திரும்பி அதன் மின்தடை மாறும். ஆர்டுயினோ என்ற சிறு மின்சுற்றுப் பலகை அதை 0 முதல் 1023 வரையான எண்ணாகக் காட்டும். எந்த எண் எத்தனை அடி என்று ஒரு நாள் முழுக்கக் கிணற்றுக்கட்டில் நின்று அளவு நாடாவால் ஒப்பிட்டு எழுதினார்கள்.

அடுத்தது வீட்டுக் கிணறுகளில் நைத்திரேற்றுச் சோதனை. பசளையிலும் கழிவிலும் இருந்து நீரில் சேரும் உப்பு அது. சுண்ணாம்புக்கல் நிலம் எங்களுடையது; தோட்டத்துப் பசளையும் மலக்குழிக் கழிவும் வெடிப்புகள் வழியே கிணற்றுக்குப் போய்விடும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. சோதனைப் பட்டி காட்டும் நிறம் ஒரு மதிப்பீடுதான், ஆய்வுகூட முடிவு அல்ல. எனவே அளவுகளை அந்தந்த வீட்டாருக்கு மட்டும் சொல்வோம்.

பழுதான வானொலி, மின்விசிறி இருந்தால் எறியாமல் தாருங்கள், கழற்றிப் பார்க்கப் பிள்ளைகள் இருக்கிறார்கள். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி ஒரு நாள் பகல் 12 மணி 10 நிமிடமளவில் சூரியன் எங்கள் நேர் உச்சிக்கு வரும். அப்போது முற்றத்தில் நட்ட கம்பிக்கு நிழல் இராது. எல்லோரும் வாருங்கள், தலைக்குத் தொப்பி கொண்டு வாருங்கள்.

நிர்வாகசபை