உன் பேருக்கு வந்த காசு

அன்புள்ள மாப்ளே,

ஆறு மாதமாக ஒரு வரி எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் எல்லோரும் சுகம். அத்தைக்குக் கண் ஆபரேஷன் முடிந்து, இப்போது அரிசியில் கல் பொறுக்குகிறாள். போண்டா கணக்கில் உன் பாக்கி அப்படியே இருக்கிறது, ஞாபகம் வைத்துக்கொள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் பிஎம் கிசான் பணம், அதாவது விவசாயிகளுக்கு மத்திய அரசு போடும் உதவித்தொகை, 2,000 ரூபாய் வந்தது. போன் மணி அடித்தபோது நான் வரப்பில் நின்றிருந்தேன். கட்டையன் முழங்கால் சேற்றில் நின்று, நட்ட வயலில் தண்ணீர் வடிய மடை வெட்டிக்கொண்டிருந்தான். "என்னப்பா, காசா?" என்று நிமிர்ந்து கேட்டான். ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் மூட்டு தேய்ந்ததிலிருந்து என் இரண்டு ஏக்கரில் குத்தகைக்கு இறங்குவது அவன்தான். விதை, உரம், நடவுக் கூலி, அறுப்பு மெஷின் வாடகை எல்லாம் அவன் வாங்கும் கடன். எனக்குக் குத்தகை நெல் வந்துவிடுகிறது. ஆனால் 2019இலிருந்து வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக, என் கணக்கில்தான் விழுகிறது. பட்டாவில் பேர் இருக்கவேண்டும், அவ்வளவுதான். நம் பக்கத்தில் கோயில் நிலமும் மடத்து நிலமும் உழுகிறவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கும் கிடையாது. 2020இல் இதே பணம் தகுதியில்லாத லட்சக்கணக்கானவர்களுக்குப் போய் சிபிசிஐடி விசாரணை வந்ததே, அப்போது டீக்கடையில் சத்தமாகத் திட்டியவன் நான். என் காசில் ஒரு சட்டக்குறையும் இல்லை. ஆனாலும் ராத்திரி தூக்கம் வரவில்லை.

நாலு ஐந்நூறு ரூபாய்த் தாளை மடித்து அவன் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் விடிகாலை அவன் பெண்டாட்டி ஒரு கட்டு முருங்கைக் கீரையோடு, மடிப்புக்கூடக் கலையாமல், திருப்பிக் கொண்டுவந்துவிட்டது. "இது உங்க பேருக்கு வந்த காசு அண்ணே. அவருக்கு வேணுங்கிறது காகிதம்."

அது சொன்னது நியாயம். பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம், கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனும் கேட்கலாம். ஆனால் அடங்கலில், அதாவது கிராம நிர்வாக அலுவலர் எழுதும் பயிர்க் கணக்கில், அவன் பேர் ஏறவேண்டும். போன மழையில் கதிர் அழுகியது அவனுக்கு, நிவாரணம் வந்தது எனக்கு. அதையாவது அன்றைக்கே கொடுத்துவிட்டேன்.

1969ஆம் வருஷக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி அவனைக் குத்தகைதாரராகப் பதியலாம் என்று பார்க்கிறேன். என் பெரிய பிள்ளை குதிக்கிறான். எழுதிக் கொடுத்தால் நிலம் திரும்பாதாம். குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அவன் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் கட்டையனை நமக்கு எத்தனை வருஷமாகத் தெரியும்? வாய்க்காலில் உன்னைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டானே, அந்த வயசிலிருந்து.

நீ வருமான வரி கட்டுகிறவன், உனக்கு இந்தப் பணம் வராது. ஆனால் உன் ஒன்றரை ஏக்கரையும் அவன்தான் உழுகிறான். நாம் இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் என் பிள்ளை வாயடைப்பான்.

சம்பா காப்பீட்டுக்கு வழக்கமாக நவம்பர் 15தான் கெடு. பொங்கலுக்கு வருகிறேன் என்று தள்ளாதே. தீபாவளி முடிந்த கையோடு சிட்டா நகலும் ஆதாரும் எடுத்துக்கொண்டு வா. தங்கச்சியையும் கூட்டி வா, அத்தை கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உன்,
மூணாம் பெஞ்சு