செமெய் ஊரிலிருந்து வந்த படம்

அன்புக் கண்ணு கயலுக்கு,

நீ அனுப்பிய படத்தை நேற்று ராத்திரி அம்மாவும் நானும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். கல்லில் குடைந்த, அணுகுண்டு வெடித்தால் எழும்புகிற காளான் மேகம். அதன் அடியில் பிள்ளையைத் தன் உடம்பால் மூடிக்கொண்டு குனிந்திருக்கிற தாய். "இது எந்த ஊர்ச் சாமி?" என்று பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான். எனக்கு வாய் வரவில்லை.

உன்னைக் கஜகஸ்தானுக்கு மருத்துவம் படிக்க அனுப்பும்போது ஃபீஸ், ஹாஸ்டல், குளிர் எல்லாம் விசாரித்தேன். அந்த மண்ணை விசாரிக்கவில்லை. இப்போதுதான் தேடிப் படித்தேன். உன் ஊருக்கு மேற்கே சுமார் 150 கிலோமீட்டரில், 1949 ஆகஸ்ட் 29 அன்று சோவியத் யூனியன் முதல் அணுகுண்டை வெடித்துப் பார்த்தது. ஹிரோஷிமா முடிந்து நாலே வருஷம். 1989 வரை அந்தப் புல்வெளியில் 456 வெடிப்புகள். நூற்றுக்கும் மேல் திறந்தவெளியில். காற்று எந்தப் பக்கம் அடித்ததோ, அந்தப் பக்கத்துக் கிராமங்கள் அனுபவித்தன.

அவனிடம் இருக்கிறது, நமக்கும் வேண்டும். இப்படித்தான் இது பரவுகிறது கண்ணு. 1998 மே 11, பொக்ரானில் இந்தியா அணுகுண்டு வெடித்துப் பார்த்த செய்தி வந்ததும் டீக்கடை வாசலில் லட்டு கொடுத்தார்கள். நானும் வாங்கி நாலு பேருக்குக் கொடுத்தேன். இனி நமக்குப் பயமில்லை என்று நம்பினேன். பதினேழே நாளில் பாகிஸ்தான் சாகாய் மலையில் வெடித்தது. அங்கேயும் இனிப்பு கொடுத்தார்கள். அன்று ராத்திரி, ராஜஸ்தான் எல்லையில் பட்டாளத்தில் இருந்த உன் பெரியப்பாவை நினைத்துப் பாட்டி கண் மூடவே இல்லை. திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். அந்த லட்டை நான் இன்னும் மறக்கவில்லை.

இன்று ஒன்பது நாடுகளிடம் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் குண்டுகள். 1970 முதல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் இருக்கிறது. நாம் கையெழுத்துப் போடவில்லை. ஐந்து நாடுகள் மட்டும் குண்டு வைத்துக்கொள்ளலாம், மற்றவர்கள் தொடக்கூடாது என்பது என்ன முறை என்று கேட்டோம். கேள்வி நியாயம்தான். ஆனால் வடகொரியாவும் 2003-ல் அதிலிருந்து விலகி, 2006-ல் வெடித்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, குண்டுதான் பெருகுகிறது.

நீ இருக்கிற நாட்டுக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 1989-ல் ஓல்ஜாஸ் சுலைமேனோவ் என்ற கவிஞர், டிவி நேரலையில் கவிதை வாசிக்க வேண்டியவர், அதை விட்டுவிட்டு நிலத்தடிச் சோதனையில் கதிர்வீச்சு கசிந்ததைச் சொன்னார். ஜனங்கள் திரண்டார்கள். 1991-ல், அதே ஆகஸ்ட் 29 அன்று, சோதனைக் களத்தை மூடினார்கள். சோவியத் உடைந்தபோது அந்த மண்ணில் 1,400 குண்டுகளுக்கு மேல் இருந்தன. 1995-க்குள் அத்தனையும் ரஷ்யாவுக்குப் போய்விட்டன. "உக்ரைனும் கொடுத்தது, இன்றைக்கு அதன் கதி என்ன?" என்று உன் மாமா சண்டைக்கு வருகிறார். அவருக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. ஆனாலும் என் மனசு உன் ஊர்க்காரர்கள் பக்கம்தான்.

வார்டுக்கு எழுபது வயது தாண்டியவர்கள் வந்தால் அவசரப்படாதே. சின்ன வயசில் எந்தக் கிராமத்தில் இருந்தீர்கள் என்று அவர்கள் மொழியிலேயே கேள். சொல்வதை எல்லாம் உட்கார்ந்து கேள். எனக்கும் எழுது.

அம்மா பருப்புப்பொடி அனுப்புகிறாள்.

அப்பா